பனி உருகும் ஆற்றில் தூண்டில் போடுவது எப்போது?

கேள்வி: "ஐயா, மார்ச் இரண்டாவது வாரம் குடும்பத்தோடு ஹிமாசலத்தில் தீர்த்தன் ஆற்றுப் பக்கம் போகிறோம். தேவனாம்பட்டினத்தில் கடிலம் கடலில் சேருகிற இடத்தில் கொடுவா பிடித்துப் பழக்கம் உண்டு. டிரவுட் (குளிர்ந்த மலை ஆற்று மீன்) பிடிக்க ஆசைப்பட்டு 9 அடி ஃப்ளை ராடு (செயற்கைப் பூச்சி கட்டி வீசுகிற தூண்டில் கம்பு) வாங்கிவிட்டேன். அப்போது பனி உருகிக்கொண்டிருக்கும், ஒன்றும் கடிக்காது என்கிறார்கள். உண்மையா? எந்த நேரம் போகலாம், எந்தப் பூச்சி கட்டலாம்? பக்கத்தில் ஏரி இருந்தால் அதில் போடலாமா?" (மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்)

மீன் கிடைக்கும். ஆனால் கொடுவாவுக்குக் கிளம்புகிற நேரத்தில் கிளம்பினால் கிடைக்காது.

நம் முகத்துவாரத்தில் மீனைக் கிளப்பிவிடுவது ஏற்றமும் வற்றமும். தீர்த்தனில் அந்த வேலையைச் செய்வது தண்ணீரின் குளிர். மீனுக்கு நம்மைப் போல தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு குளிரோ, உடம்பும் அவ்வளவு குளிர். 4, 5 டிகிரி செல்சியஸில் டிரவுட் இருக்கும், ஆனால் ஓடாது. செரிமானம் மந்தமாகிவிடும். ஓட்டத்தை எதிர்த்து இரையைத் துரத்தினால் செலவாகிற தெம்பு அந்த இரையைத் தின்று திரும்பக் கிடைக்காது. அதனால் ஆழமான, ஓட்டம் குறைந்த மடுவில் தரையோடு தரையாக நிற்கும். 7, 8 டிகிரி ஆனால் அசையத் தொடங்கும். 10 முதல் 16 வரை அதற்கு நல்ல பசி. 20-ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும். நம் பெண்ணையாற்றில் அது தாங்கவே தாங்காது.

முதல் தடவை போனபோது எனக்கும் இது புரியவில்லை. கொடுவாப் பழக்கத்தில் இருட்டோடு எழுந்து போய், நான்கு மணி நேரம் விரல் மரத்துப்போக வீசினேன். ஒரு கடி இல்லை. டீ குடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் அதே மடுவுக்குத் திரும்பினேன். மூன்றாவது வீச்சில் மீன். வெயில் தண்ணீரில் விழுந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ராடுக்கு அடுத்து நீங்கள் வாங்க வேண்டியது நூல் கட்டின ஒரு சின்ன தெர்மாமீட்டர். காலையில் 5 காட்டுகிற தண்ணீர் நடுப்பகலில் 8 காட்டலாம். அந்த மூன்று டிகிரியில்தான் உங்கள் பயணமே இருக்கிறது. மார்ச்சில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை உங்கள் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மூன்றோடு முடிகிறது? மேலே மலை உச்சியில் பனி உருகுவது உச்சி வெயிலில். அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கி வந்து சேர மாலையாகிவிடும். அப்போது ஆறு ஏறும், கலங்கும், திரும்பக் குளிரும். போனவுடன் கரையோரம் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். தண்ணீர் குச்சியில் ஏறத் தொடங்கி, தெர்மாமீட்டரும் இறங்கினால், அன்றைக்குப் போதும். வெயில் குறைந்த, மந்தாரமான நாளில் உருகுவது குறைவு, நேரம் கொஞ்சம் நீளும். இந்த மாதத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வருகிற மழை மண்டலம், மேற்கத்திய இடையூறு என்பார்கள், அது வந்து மழையும் பனியும் கொட்டுவது அங்கே வழக்கம். மழைக்குப் பிறகு பெரிய ஆறு டீத்தண்ணீர் நிறத்தில் ஓடினால் அதில் மல்லுக்கட்ட வேண்டாம். சின்ன ஓடைகள் சீக்கிரம் தெளியும், அவை ஆற்றில் சேருகிற இடத்தைப் பாருங்கள். முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் தெரிந்தால் தூண்டில் போடலாம். பனி உருகி வருகிற உண்மையான வெள்ளம் மே, ஜூனில்தான். உங்களுக்கு "கடிக்காது" என்று சொன்னவர் அதை நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

எந்தப் பூச்சி? கடையில் கேட்பதற்கு முன் ஆற்றையே கேளுங்கள். ஓட்டத்தில் கிடக்கிற கல் ஒன்றை, உள்ளங்கை இரண்டு அகலம் இருந்தால் போதும், மெதுவாகப் புரட்டுங்கள். அடியில் மூன்று வால் முடியோடு தட்டையாக ஒன்று பக்கவாட்டில் ஓடும். அது மேஃப்ளை என்கிற பூச்சியின் குஞ்சு. இரண்டு வாலோடு கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மணலைப் பொறுக்கி ஒட்டிக் கட்டிய அரிசி நீளக் குழல் தெரிந்தால் உள்ளே கேடிஸ் புழு இருக்கிறது. பார்த்துவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள். சிறகு முளைத்து மேலே வருவது இந்தப் பருவத்தில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் டிரவுட் தின்பது இவற்றைத்தான். ஆகவே மிதக்கிற பூச்சியை விட, பித்தளை அல்லது டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப் (இந்தக் குஞ்சுகளைப் போலக் கட்டிய, மூழ்குகிற செயற்கைப் பூச்சி) நான்கைந்து எடுத்துப் போங்கள். 14, 16, 18 நம்பர் முள்; நம்பர் கூடக்கூட முள் சின்னது. பழுப்பும் கறுப்பும் போதும். பகலில் மிதக்கிற பூச்சிகள் தெரிந்து, மேலே வளையம் வளையமாக விழுந்தால் மட்டும் ஒரு உலர் பூச்சியை, அதாவது மிதக்கிற செயற்கைப் பூச்சியை, மாட்டுங்கள்.

கொடுவாவுக்கு உயிர் இறால் கோர்த்தவருக்குக் கை மாற வேண்டிய இடம் இது: இழுக்காதீர்கள். தண்ணீர் வருகிற திசையில் வீசி, தரையைத் தடவிக்கொண்டு தண்ணீர் போகிற வேகத்திலேயே போக விடுங்கள். மேலே ஒரு சின்னத் தக்கை கட்டலாம். கொடுவா மாதிரி மடேரென்று அடி விழும் என்று காத்திருந்தால் மீன் வந்து போனதே தெரியாது. குளிர்ந்த டிரவுட் வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். தக்கை ஒரு கணம் நின்றாலே ராடைத் தூக்கிவிடுங்கள். பாதி நேரம் கல்லாக இருக்கும். இருக்கட்டும்.

ஏரி விஷயம். ஜலோரி கணவாய்க்கு மேலே செரோல்சர் ஏரி பெயர் பெற்றது. அது பூடி நாகின் அம்மன் கோயில் தீர்த்தம். தூண்டிலை நினைக்கவே வேண்டாம். தவிர, 3,000 மீட்டருக்கு மேல் மார்ச்சில் பெரும்பாலும் பனிதான் கிடக்கும். வேறு மலை ஏரிக்கு எப்போதாவது போனால் பனிக்கட்டி விலகுகிற நாட்களைப் பிடியுங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக கனம். அதனால் கட்டி உருகி மேல்நீர் 4-ஐ நெருங்கும்போது ஏரி முழுக்கப் புரண்டு கலக்கும், மீனும் மேலே வரும். தெற்கு வெயில் விழுகிற வடகரையின் ஆழமில்லாத ஓரமும், ஓடை உள்ளே நுழைகிற வாயும் முதலில் சூடேறும்.

அங்கே நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட்டுக்குத் தடைக்காலம், நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பது போல. பிரவுன் டிரவுட் முட்டையிடுகிற காலம் அது. நீங்கள் போகும்போது தடை நீங்கியிருக்கும், ஆனால் முட்டையும் குஞ்சும் சரளைக்குள் இன்னும் இருக்கலாம். சுற்றிலும் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் சரளை கழுவிவிட்டது போல வெளுத்துத் தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள். தயவுசெய்து இதை மறக்க வேண்டாம். ஒரு செருப்புத் தடத்தில் நூற்றுக்கணக்கில் போய்விடும். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், எந்த அளவு மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள். மற்றதை ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம்.

பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறக்காதீர்கள். கடிலத்தில் நீந்தியவர்களுக்கும் அந்தக் குளிரில் மூச்சு அடைக்கும். லார்ஜியில் தீர்த்தன் பியாஸில் சேருகிறது. அதற்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். 2014 ஜூனில் லார்ஜி அணையிலிருந்து திடீரென்று விட்ட தண்ணீர் ஹைதராபாத்திலிருந்து வந்த 24 மாணவர்களை அடித்துக்கொண்டு போனது.

அப்புறம், ரயில் ஏறுவதற்கு முன் ஒரு வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் வீசிப் பழகுங்கள். முள் வேண்டாம், நுனியில் ஒரு கம்பளி நூல் முடிச்சு போதும். இதில் ஈயக் குண்டு இழுத்துக்கொண்டு போகாது, கனம் முழுக்க ஃப்ளை ராடின் தடித்த தூண்டில் நரம்பில்தான். தலைக்குப் பின்னால் நரம்பு முழுதாக நீண்டுவிட்டதா என்று திரும்பிப் பாருங்கள், நீண்ட பிறகே முன்னால் தள்ளுங்கள்.