பெரிய கழகம் எது, அதற்கு எப்படிப்பட்ட பயிற்றுநர் வேண்டும்?

"ஒரு காற்பந்துக் கழகம் பெரிய கழகமாவது எதனால்? அதற்குப் பெரிய பெயர் வாங்கிய பயிற்றுநர்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மான்செஸ்டர் யுனைடெட் இரசிகராகத்தான் இருக்க வேண்டும். 2013-இல் பயிற்றுநர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றதிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் நம்பி மனம் நொந்தவர் கேட்கிற கேள்வி இது.

முதல் பாதிக்கு என் விடை சுருக்கமானது. தோற்கிற காலத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் கழகத்தின் அளவு. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் பண நெருக்கடியில் நொடிந்து, 2012-இல் நான்காம் நிலை லீக்கில் தொடங்க வேண்டியதாயிற்று. சொந்த அரங்கில் நடந்த முதல் லீக் ஆட்டத்திற்கே 49,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். யுனைடெட் 2024-25 பருவத்தில் 15-ஆம் இடத்தில் முடித்தது. அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கு அப்போதும் நிரம்பித்தான் இருந்தது.

இதே அளவுகோலை மலேசியாவில் என் பினாங்கு அணிக்கு வைத்தால் எனக்கு வலிக்கிறது. சிறுவயதில் அப்பா என்னைப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போவார். 1998-இலும் 2001-இலும் மலேசிய லீக்கை வென்றோம். பிறகு மூன்றாம் நிலை வரைக்கும் சரிந்தோம். அந்த நாள்களில் அப்பா கத்தினால் எதிர்ப்பக்க மேடைவரை கேட்கும், கூட்டம் அவ்வளவுதான். 2016-இல் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், பந்து காற்றிலேயே திசை மாறி வலைக்குள் போனது. உலகமே பார்த்தது, ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதும் கிடைத்தது. அதன் பிறகும் வெறும் இருக்கைகள் வெறும் இருக்கைகளாகவே இருந்தன. அதற்காக அளவுகோலை மாற்ற மாட்டேன்.

"ஜொகூர் மாநிலத்தின் டாருல் தக்ஸிம் கழகம் பணத்தால்தானே பெரியதானது?" என்று யாராவது கேட்பார்கள். பணம் இருந்தது, மறுக்கவில்லை. 2014-இலிருந்து மலேசிய லீக் பட்டம் அவர்களிடமே இருக்கிறது. 2015-இல் ஆசியக் கழகங்களுக்கான ஏஎஃப்சி கிண்ணத்தையும் வென்றார்கள். அந்தக் கழகம் எவ்வளவு பெரியது என்பது அவர்கள் தொடர்ந்து தோற்கும் ஒரு பருவத்தில்தான் தெரியும். அதுவரை தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

பயிற்றுநர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன்.

பினாங்கின் பிறை என்கிற ஊரில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. நான் பொருளாளர். பெரும்பாலும் தொழிற்சாலைப் பையன்கள், மூன்று ஷிஃப்டில் மாறி மாறி வேலை. பயிற்சி கொடுத்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐயா என்றுதான் அழைப்போம். உள்ளூர் லீக்கில் எப்போதும் நடுவில் எங்கோ இருப்போம். ஒருநாள் முன்னாள் மாநில ஆட்டக்காரர் ஒருவர் மாதம் 800 வெள்ளிக்கு வர ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்தது. சாப்பாட்டுக் கடையில் ஏழு பேர் கூடிக் கை தூக்கினோம். அவருக்கு நான்கு, ஐயாவுக்கு மூன்று. நான்காவது கை என்னுடையது. அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கள் ஜெர்சிக்குப் பணம் தருவார்கள் என்று நினைத்தேன். பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிற யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. பந்துப் பையையும் சட்டைப் பையில் வைக்கிற ஒரு சிறிய 555 நோட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

புதியவர் ஆட்டம் தெரிந்தவர், நல்ல மனிதரும்கூட. செவ்வாயும் வியாழனும் மாலை 5 மணிக்குப் பயிற்சி, வராதவனுக்கு ஆட்டத்தில் இடமில்லை என்றார். அவர் பழகிய இடங்களில் அது நியாயமான விதி. எங்கள் பையன்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் தொழிற்சாலை பஸ்ஸில் இருப்பார்கள். இரண்டே மாதத்தில் பதினெட்டுப் பேர் ஒன்பது பேரானார்கள்.

அப்போதுதான் அந்த நோட்டு பந்துப் பையின் அடியில் கிடந்ததைப் பார்த்தேன். மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "எண் 4, வியாழன் இரவு வேலை, வெள்ளி தூங்கட்டும்." "எண் 7, பஸ் கிடையாது, நான் போய் ஏற்றிவர வேண்டும்." "எண் 11, பூட்ஸ் கடிக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறான்." யார் எங்கே நிற்க வேண்டும் என்கிற படங்கள் கடைசி இரண்டு பக்கத்தில்தான் இருந்தன.

ஐயா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எண் 7 வருகிறானா?" என்றார். வருவதில்லை என்றேன். மறுவாரமே திடலுக்கு வந்துவிட்டார். அதன் பிறகும் நாங்கள் எதையும் வெல்லவில்லை. ஆனால் பதினெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

ஊர்த் திடல் குழுவை வைத்து இங்கிலாந்துக் கழகங்களை அளக்கலாமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்துப் பயிற்றுநர் பிரையன் கிளஃபைப் பாருங்கள். 1974-இல் லீக் வெற்றியாளரான லீட்ஸுக்குப் போனார். அவர்களுடைய ஆட்டத்தைப் பல ஆண்டுகள் வெளிப்படையாகத் திட்டியவர் அவர். வீரர்கள் ஏற்கவில்லை, 44 நாளில் வெளியேற்றப்பட்டார். 1975-இல் இரண்டாம் நிலையில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தார். 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள். ஆள் ஒருவரேதான். ஃபெர்குசனுக்குப் பிறகு யுனைடெட்டுக்கு வந்தவர்களில் வான் கால் மூன்று நாடுகளில் லீக் வென்றவர், மொரின்யோ இரண்டு சாம்பியன்ஸ் லீக் வென்றவர். அந்தப் பட்டியல் ஓல்ட் டிராஃபோர்டில் போதவில்லை. 1986-இல் வந்த ஃபெர்குசன் முதல் கிண்ணத்தை 1990-இல்தான் தொட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் இளையோர் அணிக்கு ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தேட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார், நிர்வாகமும் பொறுத்துக்கொண்டது.

நம் மலேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபாலை ஏன் யாரும் இந்த இடத்தில் நினைப்பதில்லை? 2009 சீ விளையாட்டில், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அந்தப் பையன்கள் பலரையே மூத்த அணிக்கும் கொண்டுபோய், 2010-இல் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் 4-2 என்று வென்று, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை மலேசியாவுக்கு முதல்முறையாகக் கொண்டுவந்தார். அவருக்கும் அப்படியொரு நோட்டு இருந்ததோ இல்லையோ, பையன்களை அவருக்குத் தெரியும். தமிழர் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடிய திடலுக்கு இப்போது கம்பி வேலியும் பூட்டும் வந்துவிட்டன. இணையத்தில் பதிவு செய்து மணிக்கணக்கில் பணம் கட்டினால்தான் திறப்பார்கள். சனிக்கிழமை மாலை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே சாக்கடைப் பாலத்தின்மேல் பந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே யாருமே இல்லை, புல் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஒரு மணி நேரமாவது இலவசமாகத் திறந்துவிடும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை.