கச்சேரியில் கண்ணீர் வருவது ஏன்?

"நேரில் இசை கேட்டால் அழுகை வருகிறது, இது பலவீனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. 2011இல் வெளியான, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வின்படி, பிடித்த இசை உச்சம் தொடும்போது மட்டுமல்ல, அதை எதிர்பார்த்திருக்கும் நொடிகளிலும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. காத்திருப்பதே பாதி சுகம்.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும் மேளச்சமாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கோயில் திருவிழா. நாதஸ்வரக்காரர் முகாரியில் ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, தவில் அடங்கிப்போனது. அவர் மூச்சு விட்டபோதுதான் நானும் விட்டேன், கண் நிறைந்துவிட்டது. வீட்டில் சீடி போட்டுக் கேட்டால் அந்த நரம்பு தெரியாதே! பக்கத்தில் நின்ற ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரியான வெக்கை, தம்பி" என்றார்.