மழை பெய்தால் இரவில் தானாக அலறும் கார் அலாரம்

மழைக்குப் பிறகு, லாக் செய்து ஒரு மணி நேரத்தில் சைரன் அடிக்கிறது, ரிமோட்டில் நிறுத்தினாலும் மறுபடி தொடங்குகிறது என்கிறீர்கள். வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் பானட் திறந்தால் அலாரத்துக்குத் தெரிவிக்கும் பானட் சுவிட்ச் மேல்தான்.

அதன் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். சத்தம் வராவிட்டால் குற்றவாளி அதுவே. உறுதிப்படுத்த, மல்டிமீட்டரின் ஒரு முனையை சுவிட்ச் டெர்மினலிலும் மற்றதை பாடி எர்த்திலும் (காரின் உலோக உடல்) வைத்து, சுவிட்சை அழுத்திப் பிடியுங்கள். இணைப்பு முழுதாக அறுபட வேண்டும். மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஈரத்தால் வரும் கசிவுக்குப் பீப் அடிக்காது. 20 கிலோ ஓம் ரேஞ்சில் ஏதாவது எண் காட்டினாலே சுவிட்ச் போச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை, அடுத்த மழைக்குத் திரும்ப வரும். புதிது மாற்றுங்கள். பானட்டை மூடும்போது சுவிட்சின் பின் (அழுந்தும் ஊசி) நன்றாக அமுங்குகிறதா என்றும் பாருங்கள். அமுங்காவிட்டால் புது சுவிட்சும் இதையே செய்யும்.

அதன் பிறகும் அடித்தால் கதவு சுவிட்சுகளைப் பாருங்கள். அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் திருகைக் கால் சுற்று குறையுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் தொடவே வேண்டாம், அது ஏர்பேக்.