ரெஃப்யூஜியத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகணுமா?

கேள்வி: 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, கீழே சம்ப்பில் (துணைத் தொட்டியில்) 40 லிட்டர் ரெஃப்யூஜியம், அதாவது பாசி வளர்க்கும் தனி அறை, அதில் கீட்டோ என்ற இழைப் பாசி. தண்ணீர் பாசியோடு அதிக நேரம் இருந்தால்தான் நைட்ரேட் குறையும் என்று கடையில் சொன்னதால் வால்வை இறுக்கி, மணிக்கு 40 லிட்டர்தான் விடுகிறேன். நைட்ரேட் 25 பிபிஎம்மை (லிட்டருக்கு 25 மில்லிகிராம்) விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இன்னும் குறைக்கட்டுமா?

பதில்: குறைக்காதீர்கள், திறந்து விடுங்கள்.

கடையில் சொன்னது தண்ணீரில் கிருமியைக் கொல்லும் யூவி விளக்குக்குச் சரி. அங்கே ஒவ்வொரு சொட்டும் போதுமான நேரம் வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும். ரெஃப்யூஜியத்தில் அதே தண்ணீர்தான் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது, அதனால் ஒரு சுற்றில் எவ்வளவு குறைந்தது என்பதைவிட ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு போனது என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 40 லிட்டர் விடும்போது 25 பிபிஎம் 24.75 ஆகி வெளியே வருகிறது என்று வையுங்கள், மணிக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் போனது. 400 லிட்டர் விட்டு அது 24.96 ஆகத்தான் இறங்கினாலும் 16 மில்லிகிராம் போயிருக்கும்.

ஏன் கூடுகிறது? கீட்டோவுக்கு வேர் கிடையாது, இழை முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் உறிஞ்சுகிறது. இழையை ஒட்டி அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் எப்போதும் இருக்கும்; ஓட்டம் மந்தமாக இருந்தால் அது தடித்துப்போய், சத்தும் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வந்து சேர நேரமாகும். பாசி உருண்டையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நடுவில் வெளுத்து, தொட்டாலே துண்டு துண்டாக உதிர்ந்து, இழைகளுக்குள் பழுப்புத் தூசி அடைத்திருந்தால் ஓட்டம் போதவில்லை, வெளிச்சமும் உள்ளே போகவில்லை.

பாசிக்காக வைத்த ரெஃப்யூஜியம் என்றால் அதன் கொள்ளளவைப் போல மணிக்கு 5 முதல் 10 மடங்கு நல்ல தொடக்கம், உங்களுக்கு 200 முதல் 400 லிட்டர். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், உயரத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப அது குறைந்துவிடும். ரெஃப்யூஜியத்துக்குப் போகும் குழாயை ஒரு வாளியில் பிடியுங்கள்: 5 லிட்டர் நிரம்ப 45 வினாடி ஆனால் மணிக்கு 400 லிட்டர். அப்புறம் பாசியைப் பார்த்து வால்வைத் திருத்துங்கள், உருண்டை மெதுவாகப் புரள வேண்டும். தண்ணீர் வெளியேறும் சீப்பு போன்ற தடுப்பில் பாசி போய் அப்பிக்கொண்டால் அதிகம், அல்லது முன்னால் ஒரு வலை வேண்டும்.

ரெஃப்யூஜியத்தில் வளரும் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிர்கள் பம்பில் அடிபட்டுச் செத்துவிடும் என்று பயந்து ஓட்டத்தைக் குறைப்பவர்கள் நிறைய. பெரும்பாலானவை உயிரோடுதான் மேலே போய்ச் சேர்கின்றன, மீனுக்குத் தீனியாக அவை போகத்தானே வளர்க்கிறோம்! மெதுவான ஓட்டம் நிஜமாகவே தேவைப்படுவது கீழே ஆழமான மணல் படுகையோ சேறோ போட்டவர்களுக்கு, இல்லையென்றால் அது கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும்.

ஓட்டத்தைச் சரிசெய்து சில வாரம் கழித்தும் கீட்டோ வளரவில்லையென்றால் வால்வை விட்டுவிட்டு விளக்கைப் பாருங்கள், அப்புறம் பாஸ்பேட்டைச் சோதியுங்கள். பாஸ்பேட் பூஜ்யத்தில் இருந்தால் நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் பாசியால் எடுக்க முடியாது. வளர ஆரம்பித்தால் பாதியை அறுத்து வெளியே எறியுங்கள், அப்படி எறியும்போதுதான் அந்த நைட்ரேட் தொட்டியை விட்டே போகிறது.