சுகர் மாத்திரையும் கந்த சஷ்டி விரதமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிப்ரைடு 2 மி.கி. காலையில், போன வருடத்திலிருந்து டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.யும் சாப்பிடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டன். இந்த முறை திருச்செந்தூரிலேயே தங்கி, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் மிளகு விரதம் இருக்கப் போகிறேன் என்கிறார். விடலாமா? மாத்திரையைக் கொடுப்பதா, நிறுத்துவதா?

பதில்: மிளகு விரதம் வேண்டாம். முதல் நாள் ஒரு மிளகு, ஆறாம் நாள் ஆறு மிளகு என்று இருப்பது அம்மாவின் உடம்பைப் பொறுத்தவரை ஆறு நாள் முழுப் பட்டினிதான். ஆனால் விரதமே கூடாது என்று தடுக்காதீர்கள். தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் இருப்பார். அது இன்னும் ஆபத்து. மதியம் ஒரு வேளை சாப்பாடு, இரவு பால், கொஞ்சம் பழம் என்று இருப்பதும் காலங்காலமாக உள்ள முறைதான். சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தால், மருந்தை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு அவர் அப்படி இருக்கலாம்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிப்ரைடு அப்படியல்ல. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நீடிக்கும். காலையில் வழக்கம்போல அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தரிசன வரிசையில் நிற்பதுதான் மயங்கி விழ நேரான வழி. பொதுவாக அளவைக் குறைத்து, சாப்பிடும் வேளைக்கு மாற்றித் தருவார்கள். எவ்வளவு என்பதை அம்மாவின் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது டாபாகிளிஃப்ளோசின். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. கூடவே நீரும் போகும். மாவுச்சத்து வெகுவாகக் குறையும்போது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அப்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். இந்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது வேகமாக ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று ஆரம்பிக்கும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 180, 200 என்றுதான் காட்டும். ‘சுகர் சரியாகத்தானே இருக்கிறது, பட்டினி கிடந்த களைப்பு’ என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இந்த மருந்தை நிறுத்துவார்கள். விரதத்துக்கும் அதேபோல நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கந்த சஷ்டி ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவதால், அந்த மூன்று நாள் தீபாவளியோடு சேர்ந்து வரும். மாத்திரையை நிறுத்திய நாளில் அதிரசமும் லட்டுமாகச் சாப்பிட்டால் விரதம் தொடங்கும்போதே சர்க்கரை எகிறி நிற்கும். தீபாவளி நெருங்கினால் கிளினிக்குகளும் மூடியிருக்கும். ஆகவே இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போய்விடுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது.

இளநீர் குடித்தே சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தினம் மூன்று நான்கு இளநீர் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தண்ணீர்தான் முக்கியம், அதற்குத் தடை போட்டுக்கொள்ள வேண்டாம்.

காலை எழுந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை, படுக்கும்போது என நான்கு முறை சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அந்த நிமிடமே பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். 300-க்கு மேல் போனாலும் விரதத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் இருக்கும் கூட்டத்தில் ஒருவரை வெளியே கொண்டுவருவதே கஷ்டம். குளுக்கோஸ் பாக்கெட்டும், மாத்திரைப் பெயர்களும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டும் அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கட்டும். கூட ஒருவர் தங்குவது அவசியம். வெறுங்காலோடு வெயிலில் மணலில் நடப்பார்; காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்த பிறகு விரலிடுக்கைத் துடைத்து, இரவில் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கடந்த மூன்று மாதத்துக்குள் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம்கூட இருக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக ஊசியை நிறுத்தவே கூடாது. அளவை மாற்றித்தான் தருவார்கள்.

ஏழாம் நாள் திருக்கல்யாணம் முடிந்து விரதம் விடும்போது பாயசத்தோடு தொடங்க வேண்டாம். வழக்கமான அளவில் இட்லியோ சோறோ போதும். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போடக் கூடாது. டாபாகிளிஃப்ளோசினை மட்டும், சாப்பாடும் தண்ணீரும் பழையபடி ஆன பிறகு, மருத்துவர் சொன்ன நாளில் தொடங்கலாம்.