பெட்டை என்று சொல்லி விற்ற வாத்துகள்

கேள்வி: ஐந்து மாதம் முன்பு ஒரு பண்ணையில் காக்கி கேம்பல் இன வாத்துக் குஞ்சுகள் ஆறு வாங்கினேன், எல்லாம் ஒரு நாள் குஞ்சு. ஐந்து பெட்டை, ஒன்று ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார். இப்போது பார்த்தால் நான்குக்கு வாலில் சுருள் இறகு, அதாவது நான்கும் ஆண்! கேட்கலாம் என்றால் போனை எடுப்பதில்லை. பெட்டைகள் இரண்டுக்கும் பிடரியில் இறகு கொட்டிப்போய் இருக்கிறது. அதோடு ஒன்றுகூட என்னிடம் வருவதில்லை, கண்டாலே ஓட்டம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பண்ணைக்காரர் சங்கதி அப்புறம். முதலில் இன்று சாயங்காலமே ஆண் வாத்துகளைத் தனியாக அடைத்து வையுங்கள். சேரும்போது ஆண் வாத்து பெட்டையின் பிடரியைத்தான் அலகால் கவ்வும், ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெட்டை இருந்தால் அது பிரச்சினையே இல்லை, ஆனால் இரண்டு பெட்டையை நான்கு பேர் துரத்தினால் இறகு போய், தோல் கிழிந்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கியே கொன்றுவிடுவதும் உண்டு. ஒரு ஆணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள், அந்த ஒன்றையும் பிடரி ஆறிய பிறகு, இன்னும் மூன்று நான்கு பெட்டை வாங்கிய பிறகு சேர்த்தால் போதும். ஆண் இல்லாவிட்டாலும் முட்டை வரும், குஞ்சுதான் பொரிக்காது.

சரி, பண்ணைக்காரர். ஒரு நாள் குஞ்சில் பெட்டையா ஆணா என்று ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்குப் பழகிய கை வேண்டும். கூடைக்கு மேல் நின்றுகொண்டு “இது பெட்டை, இது பெட்டை” என்று எடுத்துப் போடுபவர் குத்துமதிப்பாகத்தான் போடுகிறார். அடுத்த முறை இரண்டு மாதம் தாண்டியதாக வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கினால் பெட்டை ஊரைக் கூட்டும், ஆணுக்குத் தொண்டை கட்டினவர் மாதிரி கரகரப்புதான் வரும். மணிலா வாத்துக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. பெயர்தான் மணிலா, பூர்விகம் தென் அமெரிக்கா, சத்தமே பெரிதாகப் போடாது.

தாய் வாத்துகளைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் அனுப்ப வேண்டாம். நான் அனுப்பினேன். பத்துக்குப் பணம் கொடுத்து எட்டுதான் வந்தது, அதில் ஒன்று காலை இழுத்துக்கொண்டு வந்தது. கோழியைத் தூக்குகிற மாதிரி காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், வாத்துக்கு அந்தக் கால் தாங்காது.

பழக்கத்துக்கு வருவோம். முட்டையிலிருந்து வந்த முதல் ஓரிரு நாளில் எதைப் பார்க்கிறதோ அதன் பின்னாலேயே போகிற குணம் வாத்துக்கு உண்டு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் பின்னால் வாத்து இனத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்தது அதனால்தான். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது, இனி வயிற்று வழிதான். தினமும் ஒரே நேரத்தில் தரையில் உட்காருங்கள், அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த பட்டாணியோ நத்தையோ போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருங்கள். மூலைக்குத் துரத்திப் பிடிக்கவே கூடாது, ஒரு நாள் பிடித்தால் ஒரு வாரப் பழக்கம் போச்சு. தூக்கியே ஆக வேண்டுமென்றால் நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து, இறக்கையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். மடியில் படுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது பூனை இல்லை.

கேள்வி: இரண்டு வார வாத்துக் குஞ்சுகள் நடக்காமல் உட்கார்ந்துவிடுகின்றன, கால் வளைகிறது. கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போடுகிறேன்.
- வாசகர், ஆரணி

பதில்: பெரும்பாலும் நயாசின் என்ற பி வைட்டமின் குறைவாக இருக்கும். கோழிக்குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அது அதிகம் தேவை. தீவனத்தில் நயாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) கலந்து கொடுங்கள், இரண்டு நாளில் தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீவன மூட்டையையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. வாடை வந்தால் மூட்டையோடு குழியில் போட்டு மூடுங்கள், மாட்டுக்குக் கொட்டிவிடாதீர்கள்.