அண்ணாந்து குடிக்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. தறியில் லுங்கி நெய்தவர். ஒன்பது வருடமாக மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். பொங்கலுக்கு 62 கிலோ இருந்தவர், இந்தக் கத்திரி வெயிலில் 53 ஆகிவிட்டார். பாதித் தட்டிலேயே போதும் என்கிறார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார். நரம்பு வியாதி என்றால் உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்கிறார்கள். மாமியார் ரசம் சாதம்தான் தருகிறார். எந்த டானிக் கொடுக்கலாம்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: டானிக் இருக்கட்டும் தங்கச்சி. தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்ப்போம்.

அவர் எப்படிக் குடிக்கிறார்? நம் வீட்டு வழக்கப்படி சொம்பைத் தூக்கி அண்ணாந்துதானே? இந்த வியாதியில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் உறை சேதமாகிறது. விழுங்குவதற்கான நரம்புகளும் அதில் மாட்டலாம். அப்போது தொண்டை மூடித் திறப்பது தாமதமாகும். தண்ணீரோ வேகமாக இறங்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போக இன்னும் வசதி. எச்சில் பட்டாலும் பரவாயில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரில் வாய் வைத்து, சிறு சிறு மிடறாகக் குடிக்கட்டும்.

ரசம் சாதத்திலும் இதே சிக்கல்தான். ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும். நான் டயட்டீஷியனாகச் சேர்ந்த புதிதில் இப்படி ஒருவருக்கு, 'நீர்க்கக் கஞ்சி கொடுக்கவும்' என்று எளிதாய் எழுதிக் கொடுத்தேன். விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் அந்தச் சீட்டை என் கண் முன்னாலேயே கிழித்தார். அவர் கிழித்ததுதான் சரி. குழைய மசித்த தயிர் சாதம் பலருக்கு ரசம் சாதத்தைவிட எளிதாக இறங்கும். கேழ்வரகுக் கூழ் என்றால் நொய் போடாமல், மாவை மட்டும் கெட்டியாகக் காய்ச்சுங்கள். களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது நம் வடஆற்காட்டுப் பழக்கம். அவருக்கு அது வேண்டவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதை விழுங்கிப் பார்க்கச் சொல்லிச் சோதித்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் பேச்சு, விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி நரம்பு மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். சாப்பிட்டபின் குரல் கரகரப்பாக, ஈரமாகக் கேட்டாலோ அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குப் போய்விடும்.

எடைக்கு வருவோம். 62-ல் 9 கிலோ என்றால் 14 சதவீதத்துக்கு மேல். ஆறு மாதத்துக்குள் தானாக 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே அதை ஊட்டக்குறைவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நடமாட்டம் குறைந்தால் சதை குறையும், உண்மைதான். ஆனால் இவ்வளவு வேகமாகக் குறைந்ததற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். நிற்க முடியாதவரென்றால் அரிசி மண்டித் தராசில் நாற்காலியோடு நிறுத்து, நாற்காலியின் எடையைக் கழித்துவிடுங்கள். நான் பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன். மண்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாதியில் போதும் என்பது பசி தீர்ந்து சொல்வதாக இருக்காது. பிசைந்து, தூக்கி, மெல்லுவதிலேயே அவர் களைத்துவிடுவார். உடம்பு சூடானால் இந்த வியாதியின் தொந்தரவுகள் கொஞ்ச நேரத்துக்குக் கூடும். வேலூர் வெயிலில் மதியம் ஒரு மணிக்கு ஆவி பறக்கும் சாப்பாட்டை வைத்தால் எப்படி இறங்கும்? பெரிய சாப்பாட்டைக் காலை வெயிலுக்கு முன்னே வையுங்கள். மற்றதை ஆறவைத்து, நான்கைந்து வேளையாகச் சிறிதாகக் கொடுங்கள். கை நடுங்கினால் பிடி தடித்த ஸ்பூன் உதவும். சாதத்தில் நெய், மசித்த பருப்பு, நைஸாக அரைத்த வேர்க்கடலை, குழைவாகக் கிண்டிய முட்டை என்று சேர்த்தால் அளவு கூடாமலே சத்து கூடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வேண்டுமே என்று அவர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாரா? பலர் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அப்புறம் பசியும் போய்விடும். சிறுநீர்த் தொந்தரவுக்கு மாத்திரை இருக்கிறது. உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால், மருத்துவரிடம் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.